புரோபயோட்டிக் உணவு, தூக்கம், மன அழுத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூக்கம் வரவில்லை என்று சொன்னால் போதும், ஒருவர் தயிர் சாப்பிடச் சொல்வார், இன்னொருவர் கெஃபிர் (புளிக்க வைத்த பால் பானம்) குடிக்கச் சொல்வார், மூன்றாமவர் ஏதோ ஒரு மாத்திரை டப்பாவின் படத்தை அனுப்பி வைப்பார். குடல் பாக்டீரியாவுக்கும் மனநிலைக்கும் தொடர்பு உண்டு என்பதற்குக் கடந்த 20 ஆண்டுகளில் நிறைய ஆதாரம் சேர்ந்திருக்கிறது. அந்தத் தொடர்பு எவ்வளவு, யாருக்கு, எதைச் சாப்பிட்டால் என்று கேட்கும்போதுதான் பதில்கள் குழம்புகின்றன. பலரும் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கே இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில் சுருக்கமாகச் சொல்லுங்கள். புரோபயோட்டிக் உணவு சாப்பிட்டால் நன்றாகத் தூக்கம் வருமா?

சிலருக்கு, கொஞ்சம். மன அழுத்தத்தால் தூக்கம் கெட்டிருப்பவர்களுக்குத்தான் அந்தக் கொஞ்சமும் கிடைக்க வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. கீழே வரும் ஆய்வுகளைப் பார்த்தால் ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது புரியும். குறட்டையோடு மூச்சு அடைப்பு, இரவு ஷிப்ட், சாயங்காலம் குடித்த காபி, நாள்பட்ட வலி போன்ற காரணங்களால் தூக்கம் கெட்டிருந்தால், காரணத்தைக் கவனிக்காமல் கிண்ணம் கிண்ணமாகத் தயிர் சாப்பிட்டும் பயனில்லை.

புளித்த உணவெல்லாம் புரோபயோட்டிக்தானே?

இல்லை. 2001-இல் உலக சுகாதார அமைப்பும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு ஒரு வரையறை கொடுத்தது: போதிய அளவில் உட்கொண்டால் உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிரிகள்தான் புரோபயோட்டிக். உயிரோடு இருக்க வேண்டும், போதிய எண்ணிக்கையில் இருக்க வேண்டும், நன்மை நிரூபணம் ஆகியிருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர்.

புளித்த மாவில் சுட்ட ரொட்டி புளித்த உணவுதான், ஆனால் அடுப்புச் சூட்டில் பாக்டீரியா செத்துவிடும். டப்பாவில் சூடாக்கி அடைத்த சார்க்ராட்டும் (புளிக்க வைத்த முட்டைக்கோஸ்) அதே கதை. வினிகரில் ஊறிய காய்கள் நொதிக்கவே இல்லை. அவற்றின் புளிப்பு வினிகருடையது. மறுபக்கம், வீட்டில் உறை ஊற்றிய தயிரில் உயிருள்ள பாக்டீரியா ஏராளம் இருக்கும். ஆனால் எந்த ரகம், எவ்வளவு என்று யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். கறாராகப் பார்த்தால் அதையும் புரோபயோட்டிக் என்று சொல்ல முடியாது. அதனால் அது மோசமான உணவு ஆகிவிடாது.

இந்தப் பக்கத்தில், பேச்சு வழக்கை ஒட்டி, உயிருள்ள பாக்டீரியா உள்ள புளித்த உணவுகளையெல்லாம் புரோபயோட்டிக் உணவு என்றே குறிப்பிடுகிறேன்.

குடலில் இருக்கும் பாக்டீரியா மூளையை எப்படி எட்டும்?

பாக்டீரியா அங்கே போவதில்லை, செய்திதான் போகிறது. அது போகப் பல வழிகள் இருக்கின்றன.

முக்கியமானது வேகஸ் நரம்பு. மூளைத்தண்டில் கிளம்பி, கழுத்து, மார்பு வழியாக வயிறு வரை இறங்கும் நீளமான நரம்பு இது. இதில் உள்ள நார்களில் சுமார் 80 சதவீதம் உடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகின்றன. மூளையின் கட்டளையைக் கீழே கொண்டுவருபவை மிச்சம்தான். குடல் எவ்வளவு பேசுகிறது என்பதற்கு இதுவே சாட்சி.

அடுத்தது நோய் எதிர்ப்பு மண்டலம். குடல் சுவர் பலவீனமானால் பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்தில் கசிந்து, உடல் முழுக்க லேசான அழற்சியை உண்டாக்கும். அழற்சி வந்தால் மனநிலையும் தூக்கமும் மாறும். காய்ச்சல் வந்த நாட்களில் நம் தூக்கம் எப்படி இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் போதும். நார்ச்சத்தைத் தின்று குடல் பாக்டீரியா தயாரிக்கும் பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்கள் இந்தச் சுவரைப் பலப்படுத்துகின்றன.

மூன்றாவதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன்: கார்ட்டிசால். மூளையின் ஹைபோதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பி, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி, இந்த மூன்றும் சேர்ந்த ஒரு சங்கிலி நம் மன அழுத்தத்தை நடத்துகிறது. அதன் முடிவில் சுரப்பது கார்ட்டிசால். சாதாரணமாக அது விடியும் நேரத்தில் ஏறி, நாள் முழுக்க இறங்கி, நள்ளிரவையொட்டி மிகக் குறைவாக இருக்கும். கவலையில் இருப்பவருக்கு ராத்திரி படுக்கும்போதும் அது இறங்காமல் நிற்கலாம். உடம்பு சோர்ந்திருக்கும், மனசு விழித்தே இருக்கும். குடல் பாக்டீரியா இந்தச் சங்கிலியின் வேகத்தைக் கொஞ்சம் மாற்றுகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. தூக்கத்துக்கும் புளித்த உணவுக்கும் தொடர்பு இருக்குமானால், அது பெரும்பாலும் இந்த வழியாகத்தான் இருக்க வேண்டும்.

மனம் வயிற்றைப் பாதிக்கும் என்பது பழைய செய்தி. அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் பியூமான்ட், துப்பாக்கிக் குண்டு பட்டு வயிற்றில் துளை விழுந்த ஒருவரை ஆண்டுக்கணக்கில் கவனித்து, கோபம் வரும்போது அவருடைய செரிமானம் மாறுவதை 1833-இலேயே எழுதிவிட்டார். வயிறு மனதைப் பாதிக்கும் என்ற மறுபாதிதான் நம் காலத்தில் ஆராயப்படுகிறது.

செரட்டோனின் 90 சதவீதம் குடலில்தான் சுரக்கிறதாமே? அப்படியானால் குடலைக் கவனித்தால் மனசு சந்தோஷமாகிவிடும் அல்லவா?

முதல் பாதி சரி. உடலில் உள்ள செரட்டோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் உருவாகிறது. கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2015-இல் சில குடல் பாக்டீரியா இந்த உற்பத்தியைத் தூண்டுவதையும் காட்டியது. ஆனால் குடலில் உருவான செரட்டோனின் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பைத் தாண்டாது. குடல் அசைவு, ரத்தம் உறைதல் போன்ற வேலைகளை அது செய்கிறது. மூளைக்கு வேண்டிய செரட்டோனினை மூளையே டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து தயாரித்துக்கொள்கிறது.

பாக்டீரியா தயாரிக்கும் காபா என்ற அமைதிப்படுத்தும் வேதிப்பொருளும் அப்படித்தான், மூளைக்குள் எளிதில் நுழையாது. இந்த இரண்டு பெயரையும் அட்டையில் போட்டு விற்கும் பொருளைப் பார்த்தால் கொஞ்சம் நிதானிக்கவும்.

சுண்டெலிகளில் நல்ல பலன் கிடைத்ததாகப் படித்தேன். அது போதாதா?

போதாது. ஆனாலும் இந்தத் துறை தொடங்கியது சுண்டெலிகளில்தான். ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தில், கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த சுண்டெலிகளை அசையவிடாமல் பிடித்து வைத்து மன அழுத்தம் கொடுத்தார்கள். சாதாரண சுண்டெலிகளைவிட அவற்றின் அழுத்த ஹார்மோன் அதிகமாக எகிறியது. ஒரு வகை பிஃபிடோபாக்டீரியாவைக் கொடுத்ததும் அது சீரானது. 2004-இல் வெளிவந்த முடிவு இது. பிறகு 2011-இல், லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜேபி-1 என்ற ரகத்தைக் கொடுத்த சுண்டெலிகள் பதற்றம் குறைந்து நடந்துகொண்டன. வேகஸ் நரம்பை வெட்டிவிட்ட சுண்டெலிகளில் அந்தப் பலன் இல்லவே இல்லை. செய்தி எந்த வழியாகப் போகிறது என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது.

இனிமேல்தான் முக்கியமான பகுதி. அதே ஜேபி-1 ரகத்தை ஆரோக்கியமான 29 ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மன அழுத்தம், பதற்றம், கார்ட்டிசால், தூக்கத்தின் தரம், எதிலும் போலி மருந்தைவிட (ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும், பாக்டீரியா இல்லாத பொருள்) மேலான பலன் இல்லை. 2017-இல் அதை மறைக்காமல் வெளியிட்டார்கள். சுண்டெலியில் கிடைத்த பலனைக் காட்டி யாராவது ஒரு பொருளை விற்க வந்தால், மனிதர்களிடம் சோதித்தீர்களா என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

சரி, மனிதர்களிடம் பலன் கிடைத்த ஆய்வு இருக்கிறதா?

இருக்கிறது. நான் அதிகம் மதிப்பது ஜப்பானில் மருத்துவ மாணவர்களிடம் நடந்தவற்றை. பெரிய பரீட்சை ஒன்று எல்லோருக்கும் ஒரே தேதியில் வருகிறது. அழுத்தம் எப்போது ஏறும் என்று முன்கூட்டியே தெரியும். ஆராய்ச்சிக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைப்பது அரிது.

மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தினமும் லாக்டோபேசில்லஸ் காசெய் ஷிரோட்டா ரகம் சேர்த்த புளித்த பால் பானம். இன்னொரு குழுவுக்குப் பாக்டீரியா இல்லாத பால் பானம். பரீட்சைக்கு 8 வாரம் முன்பே தொடங்கி, முடிந்த பிறகும் 3 வாரம் கொடுத்தார்கள். மொத்தம் 94 பேர். தூங்கும்போது மூளை அலைகளையும் பதிவு செய்தார்கள். பரீட்சை நெருங்க நெருங்கப் போலிப் பானம் குடித்தவர்களின் ஆழ்ந்த தூக்கம் குறைந்துகொண்டே போனது. புளித்த பால் குடித்தவர்களுக்கு அது அவ்வளவாகக் குறையவில்லை. இது 2017-இல் வெளியானது. அதே ரகத்தை வைத்து அதற்கு முந்தைய ஆண்டு வெளியான ஆய்வில், பரீட்சை நேரத்துக் கார்ட்டிசால் உயர்வும் வயிற்று வலி போன்ற தொந்தரவுகளும் குறைந்தது தெரிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அவர்களுக்குப் புதிதாகத் தூக்கம் கூடிவிடவில்லை. கெடவிருந்த தூக்கம் அந்த அளவுக்குக் கெடாமல் இருந்தது. அழுத்தம் ஏறும் காலத்தில் ஒரு தாங்கு கட்டை கொடுத்த மாதிரி. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: அந்தப் பானத்தைத் தயாரிக்கும் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்களும் இந்த ஆய்வுகளில் பங்கேற்றார்கள். அதற்காக முடிவு பொய் என்று ஆகிவிடாது. ஆனால் தொடர்பில்லாதவர்கள் பெரிய அளவில் திரும்பச் செய்து பார்க்கும் வரை, முழு நம்பிக்கை வைப்பதைத் தள்ளிப்போடலாம்.

பிரான்ஸில் 55 பேரை வைத்து 2011-இல் வெளிவந்த ஆய்வும் உண்டு. லாக்டோபேசில்லஸ் ஹெல்வெடிகஸ், பிஃபிடோபாக்டீரியம் லாங்கம் என்ற இரண்டையும் 30 நாள் சேர்த்துக் கொடுத்ததில் மன உளைச்சல் மதிப்பெண்ணும் சிறுநீரில் கார்ட்டிசால் அளவும் குறைந்தன.

தூக்கம் எவ்வளவு முன்னேறும்? எண்ணில் சொல்ல முடியுமா?

முடியும். தூக்கத்தின் தரத்தை அளக்க பிட்ஸ்பர்க் தூக்கத் தர அளவுகோல் என்ற கேள்வித்தாளை ஆராய்ச்சியாளர்கள் அதிகம் பயன்படுத்துகிறார்கள். 0 முதல் 21 வரை மதிப்பெண். 5-க்கு மேல் போனால் தூக்கம் சரியில்லை என்று பொருள். புரோபயோட்டிக் ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டு 2020-இல் வெளியான ஒரு தொகுப்பில், மதிப்பெண் சராசரியாக 0.78 குறைந்திருந்தது. அதாவது 9 வாங்கியவர் கிட்டத்தட்ட 8-க்கு வருகிறார். நல்ல தூக்கத்தின் எல்லைக்குள் இன்னும் வரவில்லை. இது சராசரிதான், சிலருக்குக் கூடுதலாகவும் சிலருக்கு ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கும்.

மாத்திரை நல்லதா, உணவு நல்லதா?

எந்த ரகம், எத்தனை நுண்ணுயிர் என்று துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் மாத்திரை. மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் குறிப்பிட்ட ரகங்களை வைத்துத்தான் நடந்தன. ஒரு ரகத்துக்குக் கிடைத்த பலன் அதன் அண்ணன் தம்பிக்கும் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இருந்தும் நான் உணவின் பக்கம்தான் நிற்கிறேன். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2021-இல் வெளியிட்ட ஆய்வில் 36 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் பாதிப் பேர் 10 வாரம் தயிர், கெஃபிர், கிம்ச்சி (கொரியர்கள் காரம் சேர்த்துப் புளிக்க வைக்கும் காய்), கொம்புச்சா (புளிக்க வைத்த தேநீர்) போன்ற புளித்த உணவுகளை அதிகமாகச் சாப்பிட்டார்கள். அவர்களுடைய குடலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன.

அயர்லாந்தின் கார்க் நகரில் 2022-இல் வெளிவந்த ஆய்வு நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. 45 பேரில் ஒரு குழு 4 வாரம் தினமும் 2 முதல் 3 பங்கு புளித்த உணவு, 6 முதல் 8 பங்கு நார்ச்சத்து மிகுந்த காய் கனிகள், முழு தானியம், வாரத்துக்கு 3, 4 முறை பருப்பு வகைகள் என்று சாப்பிட்டது. அந்தக் குழுவில் தாங்கள் உணரும் மன அழுத்தம் 32 சதவீதம் குறைந்ததாகச் சொன்னார்கள். சாதாரண உணவு ஆலோசனை மட்டும் பெற்ற குழுவிலும் 17 சதவீதம் குறைந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. தன்னை ஒருவர் கவனிக்கிறார் என்பதே மனசுக்கு இதம்தான். திட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்களுக்கு அதிகப் பலன் கிடைத்தது.

இதில் பலன் கொடுத்தது புளித்த உணவா, நார்ச்சத்தா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பிரிக்காமல் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவதே நல்லது. வெளியிலிருந்து பாக்டீரியாவை அனுப்பிவிட்டு அதற்குத் தீனி போடாமல் விட்டால் என்ன பிரயோஜனம்? வெங்காயம், பூண்டு, ஓட்ஸ், வாழைப்பழம், பயறு வகைகள், இவையெல்லாம் குடல் பாக்டீரியாவுக்குத் தீனி.

கடையில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். உயிருள்ள கல்ச்சர் (நொதிக்க வைக்கும் பாக்டீரியா) உள்ளது என்ற குறிப்பு இருக்கிறதா, பாக்டீரியாவின் முழுப் பெயர் ரக எண்ணோடு இருக்கிறதா, காலாவதித் தேதி வரைக்கும் எத்தனை உயிரோடு இருக்கும் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தயாரித்த நாளின் எண்ணிக்கையை மட்டும் போட்டிருந்தால் அது பாதித் தகவல்தான். சர்வதேச உணவுத் தர நெறியான கோடெக்ஸ்படி யோகர்ட்டில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 1 கோடி பாக்டீரியா இருக்க வேண்டும். நொதித்த பிறகு சூடாக்கியது என்று எழுதியிருந்தால் வைத்துவிடுங்கள்.

சர்க்கரையையும் பாருங்கள். பழச்சுவை சேர்த்த யோகர்ட் சிலவற்றில் சர்க்கரை இனிப்புப் பண்டம் அளவுக்கு இருக்கும். சார்க்ராட், கிம்ச்சியைக் குளிர்சாதனப் பகுதியில் இருப்பதாகப் பார்த்து எடுங்கள். அலமாரியில் மாதக்கணக்கில் நிற்பது பெரும்பாலும் சூடாக்கி அடைத்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் யோகர்ட் பாக்டீரியா லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையின் செரிமானத்துக்கு உதவும் என்பதை ஏற்றிருக்கிறது. மன அழுத்தம், தூக்கம் பற்றி அட்டையில் போடும் வாசகங்களுக்கு அந்த அங்கீகாரம் இல்லை.

சமைத்தால் பலன் போய்விடுமா?

உயிருள்ள பாக்டீரியா சுமார் 60 டிகிரிக்கு மேல் தாங்காது. மிசோவை (ஜப்பானியர்களின் புளித்த சோயா விழுது) சூப்பில் போடுவதானால் அடுப்பை அணைத்து, கொஞ்சம் ஆறவிட்டுக் கரையுங்கள்.

ஆனால் செத்த பாக்டீரியா வீண் என்றும் சொல்லிவிட முடியாது. ஜப்பானில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த 60 மாணவர்களுக்கு 24 வாரம், சூடாக்கிச் செயலிழக்கச் செய்த லாக்டோபேசில்லஸ் காசேரி சிபி2305 மாத்திரை கொடுத்தார்கள். 2019-இல் வெளியான அந்த ஆய்வில் பதற்றமும் தூக்கக் கோளாறும் குறைந்தன. பாக்டீரியாவின் உடல் துணுக்குகளே குடல் சுவரிடம் ஏதோ பேசுகின்றன போலும்.

ராத்திரி படுக்கும் முன் சாப்பிட வேண்டுமா?

நேரம் முக்கியமில்லை. இது தூக்க மாத்திரை மாதிரி அன்றைக்கே வேலை செய்வதில்லை. உங்களுக்கு மறக்காத வேளையில், சாப்பாட்டோடு சாப்பிடுங்கள். நெஞ்செரிச்சல் இருப்பவர்கள் படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

எத்தனை நாளில் தெரியும்? எனக்குப் பலன் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆய்வுகள் பெரும்பாலும் 4 முதல் 8 வாரம் நடந்தவை. குறைந்தது ஒரு மாதம் கொடுங்கள். ஆனால் தொடங்கும் முன் ஒரு வேலை இருக்கிறது.

ஒரு சின்ன நோட்டை எடுத்துத் தலையணைப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் ஐந்து விஷயம் எழுதுங்கள்: விளக்கை அணைத்த நேரம், உத்தேசமாகத் தூங்கிப்போன நேரம், எத்தனை முறை விழித்தீர்கள், எழுந்த நேரம், எழுந்தபோது உடம்பு எப்படி இருந்தது என்று 10-க்கு ஒரு மதிப்பெண். ராத்திரியில் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுத வேண்டாம், அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். உணவில் எதையும் மாற்றாமல் ஒரு வாரம் எழுதுங்கள். பிறகு ஏதாவது ஒரு புளித்த உணவை மட்டும் சேருங்கள். அதே வாரத்தில் காபியையும் நிறுத்தி, நடைப்பயிற்சியையும் தொடங்கினால் எதனால் தூக்கம் வந்தது என்று தெரியாமல் போய்விடும். மாத முடிவில் முதல் வாரத்தையும் கடைசி வாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால், தூக்கத்துக்காக அதைத் தொடர வேண்டிய கட்டாயம் இல்லை.

நிறுத்தினால் வெளியிலிருந்து வந்த பாக்டீரியாவும் பெரும்பாலும் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் போய்விடும். அவை குடலில் நிரந்தரமாகக் குடியேறுவது அபூர்வம்.

சாப்பிட ஆரம்பித்த பிறகு தூக்கம் இன்னும் கெட்டுவிட்டது. ஏன்?

முதல் ஒரு வாரம் வாயு, வயிற்று உப்புசம் வரலாம். அளவைக் குறைத்து, இரண்டு ஸ்பூனில் தொடங்கி மெல்ல ஏற்றினால் பழகிவிடும்.

கொம்புச்சா குடிக்கிறீர்களா? அது தேநீரில் செய்வது, அதில் காஃபின் உண்டு, நொதித்தலால் துளி ஆல்கஹாலும் உண்டு. காஃபின் உடலில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மதியத்துக்குப் பிறகு அதைத் தவிர்த்துப் பாருங்கள்.

இன்னொரு காரணம் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள். நாள்பட்டுப் பதப்பட்ட சீஸ், சார்க்ராட், கிம்ச்சி போன்றவற்றில் இது சேர்ந்திருக்கும். அதை உடைக்கும் நொதி குறைவாக உள்ளவர்களுக்குத் தலைவலி, முகம் சிவத்தல், அரிப்பு, படபடப்பு எல்லாம் வரலாம். அந்த நிலையில் தூக்கம் எங்கே வரும்? அப்படிப்பட்டவர்கள் பதப்பட்ட உணவுகளை விட்டுவிட்டு, புதிதாக உறைந்த தயிரைக் கொஞ்சமாக எடுத்துப் பார்க்கலாம்.

தூக்கம் கெட்டால் குடலும் கெடுமா?

ஆம், இது இருவழிப் பாதை. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் 9 ஆண்களை இரண்டு இரவு சுமார் 4 மணி நேரம் மட்டும் தூங்க வைத்தார்கள். அதற்குள்ளேயே குடல் பாக்டீரியாக் குழுக்களின் விகிதம் மாறத் தொடங்கியது. சில நாள் சரியாகத் தூங்காதபோது வயிறும் மந்தமாகிறது என்று பலர் சொல்வதை நான் நம்புகிறேன். தினமும் ஒரே நேரத்தில் எழுவதும் ஒரே நேரத்தில் சாப்பிடுவதும் குடலுக்குச் செய்யும் உதவிதான்.

நான் மருந்து சாப்பிடுகிறேன். சேர்த்துச் சாப்பிடலாமா?

மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ எடுக்கும் மருந்தை, தயிர் சாப்பிடுகிறோம் என்று சொல்லி ஒருபோதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

எம்ஏஓ தடுப்பான் என்ற வகை மனச்சோர்வு மருந்து எடுப்பவர்கள் பதப்பட்ட சீஸ், சோயா சாஸ், மிசோ, சார்க்ராட், கிம்ச்சி ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். அவற்றில் உள்ள டைரமின் என்ற வேதிப்பொருள் இந்த மருந்தோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். லைனசோலிட் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கும் இந்தக் குணம் உண்டு.

மற்ற ஆன்டிபயாட்டிக் எடுக்கும்போது, மருந்துக்கும் புரோபயோட்டிக்குக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விடுங்கள். டெட்ராசைக்ளின், சிப்ரோஃபிளாக்ஸசின் போன்றவை பாலில் உள்ள கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு உடலில் சேராமல் போகும் என்பதால், தயிரோடு விழுங்கவே கூடாது.

யார் தவிர்க்க வேண்டும்?

புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், பெரிய ரத்தக்குழாயில் குழாய் பொருத்தியிருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரோபயோட்டிக் எடுக்கக் கூடாது. அரிதாக அந்த பாக்டீரியாவே ரத்தத்தில் தொற்றாகிவிடும். குறைமாதக் குழந்தைகளுக்கு புரோபயோட்டிக் கொடுப்பது பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023-இல் எச்சரிக்கை விடுத்தது. கடுமையான கணைய அழற்சி நோயாளிகளிடம் நெதர்லாந்தில் நடந்த ஆய்வில், புரோபயோட்டிக் கொடுத்த குழுவில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள், கொடுக்காத குழுவில் 6 சதவீதம். 2008-இல் வெளிவந்த அந்த முடிவு, இயற்கையானது என்பதால் யாருக்கும் தீங்கில்லை என்ற நினைப்பைத் தகர்த்தது.

ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு சார்க்ராட், கிம்ச்சி, மிசோவில் உள்ள உப்பு ஒத்துக்கொள்ளாது. கர்ப்பிணிகள் காய்ச்சாத பாலில் செய்தவற்றைத் தொட வேண்டாம்.

வீட்டிலேயே செய்யலாமா?

தாராளமாக. முட்டைக்கோஸில் தொடங்குவது சுலபம். ஒரு கிலோ கோஸை மெல்லிசாக நறுக்கி, 20 கிராம் உப்புப் போட்டுக் கையால் அழுத்திப் பிசையுங்கள். பத்து நிமிடத்தில் கோஸ் துவண்டு, தன் தண்ணீரைத் தானே விடும். கண்ணாடி ஜாடியில் அமுக்கி அடைத்து, கோஸ் முழுக்க அந்தத் தண்ணீருக்குள் மூழ்கும்படி மேலே ஒரு கனம் வையுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு துணுக்குதான் பூஞ்சை பிடிக்க முதல் இடம். மூடியை இறுக்க வேண்டாம். இரண்டாம் மூன்றாம் நாள் சின்னச் சின்னக் குமிழி எழும்பும், தண்ணீர் கலங்கும். ஒரு வாரம் பத்து நாளில் சுருக்கென்ற புளிப்பு வந்ததும் ஃபிரிட்ஜுக்கு மாற்றலாம். உப்பைக் குறைக்காதீர்கள், கெட்ட கிருமியை முதல் நாட்களில் தடுப்பது அதுதான். பஞ்சு மாதிரிப் பூஞ்சையோ அழுகல் வாடையோ வந்தால் மேலாக வழித்துவிட்டுச் சாப்பிட வேண்டாம், ஜாடியோடு கொட்டிவிடுங்கள்.

எப்போது உணவை விட்டுவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்?

வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதமாகத் தூக்கம் கெட்டு, பகலில் வேலையும் கெடுகிறது என்றால் அது நாள்பட்ட தூக்கமின்மை. அதற்கு முதல் சிகிச்சையாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது மாத்திரையை அல்ல, தூக்கமின்மைக்கென்றே உள்ள அறிவாற்றல் நடத்தை சிகிச்சையை. படுக்கை நேரத்தைத் திருத்துவது, தூக்கம் பற்றிய பயத்தைக் குறைப்பது என்று சில வாரங்கள் நடக்கும் பயிற்சி அது. எந்த பாக்டீரியாவைவிடவும் வலுவான ஆதாரம் அதற்கு இருக்கிறது.

சத்தமான குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறி எழுவதாகப் பக்கத்தில் படுப்பவர் சொன்னால், காத்திருக்காமல் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் மனம் கனத்தே இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே, அந்த நேரத்திலேயே, நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி அவரையும் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.